திரைக்கு முன் எழுந்து நிற்போம்: டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு வீட்டிலேயே விளையாட்டு வழிப் பயிற்சி

நம் மருத்துவமனையின் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவுக்கு டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் பலரும் ஏறத்தாழ ஒரே குறையைத்தான் கூறுகின்றனர். “இங்கே நீங்கள் சொன்னால் செய்கிறான். வீட்டில் நாங்கள் சொன்னால் தரையில் உட்கார்ந்துவிடுகிறான். கைப்பேசியைக் கொடுத்தால் மட்டும் மூன்று மணி நேரம் அசையாமல் இருக்கிறான்.”

“அப்படியானால் அந்தத் திரையையே பயிற்சிக்குப் பயன்படுத்திப் பார்ப்போமே” என்று நாங்கள் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஐயம் தெரியும். திரையிலிருந்து பிள்ளையை மீட்பதற்காகத்தானே வந்தோம் என்ற எண்ணம் அது. அந்த ஐயம் நியாயமானதே. உட்கார்ந்து பார்க்க வைக்கும் திரை வேறு; எழுந்து நின்று ஆட வைக்கும் திரை வேறு. இரண்டாவது வகையை வீட்டில் பாதுகாப்பாகவும் பயனுள்ளதாகவும் அமைத்துக்கொள்வது எப்படி என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

பயிற்சி ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது?

பொதுவாக நம் உயிரணுக்களில் 21-ஆம் குரோமோசோம் இரண்டு இருக்கும். அது மூன்றாக அமைந்துவிடுவதே டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம். 1866-ஆம் ஆண்டில் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்நிலையை விவரித்து எழுதினார். அதன் மரபணுக் காரணம் 1959-ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. கருவுற்ற காலத்தில் தாய் உண்டதாலோ, உண்ணாததாலோ, வேறு எந்தத் தவறாலோ இது வருவதில்லை.

இந்தக் கூடுதல் குரோமோசோமின் விளைவுகளுள் மூன்று, உடல் அசைவோடு நேரடித் தொடர்புடையவை. தசைகள் இயல்பான விறைப்பின்றித் தளர்ந்திருக்கும். மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் நெகிழ்ந்திருக்கும். பெரும்பாலோருக்குப் பாதம் தட்டையாக இருக்கும். இதனால்தான் மற்றக் குழந்தைகள் ஒரு வயதையொட்டி நடக்கத் தொடங்க, இக்குழந்தைகள் சராசரியாக இரண்டு வயதையொட்டி நடக்கத் தொடங்குகின்றனர். ஒரே தொலைவை நடக்க இவர்களின் உடல் நம்முடையதைவிடக் கூடுதலாக உழைக்க வேண்டியுள்ளது. நடுவழியில் உட்கார்ந்துவிடும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளும் முன் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

உழைப்பு மிகுதி என்பதால் அசைவு குறைகிறது. அசைவு குறைவதால் எடை கூடுகிறது. எடை கூடுவதால் அசைவது மேலும் கடினமாகிறது. பள்ளிக்குச் செல்லும் வயது வரை படிக்கட்டும் விளையாட்டு நேரமும் இந்தச் சுழலைச் சற்றேனும் தடுத்து நிற்கும். சிறப்புப் பள்ளியை விட்டு வெளிவரும் 18 வயதுக்குப் பிறகுதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. பல வீடுகளில் அதன்பின் அந்த இளைஞருக்குச் செல்ல இடமில்லை. கட்டிலும் தொலைக்காட்சியுமே உலகமாகிவிடுகின்றன. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகள்தான். இதய அறுவை சிகிச்சையும் மருத்துவ வசதிகளும் வளர்ந்ததால் அது இன்று சுமார் 60 ஆண்டுகளாக உயர்ந்துள்ளது. கூடிக் கிடைத்த அந்த ஆண்டுகளில் அவர் தாமே குளித்து, தாமே படியேறி, தாமே பேருந்தில் ஏறி வாழப்போகிறாரா, வயது முதிர்ந்த பெற்றோரின் தோளைப் பிடித்துக்கொண்டு வாழப்போகிறாரா என்பது பெரிதும் தசை வலிமையைப் பொறுத்தது. நாங்கள் பயிற்சியை வலியுறுத்துவது இதற்காகவே.

மெய்நிகர் விளையாட்டு என்பது எது?

உடல் அசைவையே கட்டளையாக ஏற்றுத் திரையில் நடக்கும் விளையாட்டை இங்கே மெய்நிகர் விளையாட்டு என்கிறோம். கையை வீசினால் திரையில் பந்து உருளும். உடலைச் சாய்த்தால் திரையில் உள்ள உருவமும் சாயும். நின்டெண்டோ நிறுவனத்தின் வீ கருவி 2006-ஆம் ஆண்டில் வந்தபோது இவ்வகை விளையாட்டு வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது. கையில் பிடிக்கும் கருவி அசைவை உணரும். பின்னர் வந்த சமநிலைப் பலகை, மேலே நிற்பவரின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உணரும். 2010-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கைனெக்ட், கையில் எதுவும் இல்லாமலேயே கேமரா வழியே முழு உடலின் அசைவையும் கண்டறிந்தது. இவ்விரண்டும் இன்று புதிதாக உற்பத்தியாவதில்லை. எனினும் பழைய கருவிகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. இப்போது நின்டெண்டோ ஸ்விட்ச் போன்ற கருவிகளும், கைப்பேசியின் கேமராவைக் கொண்டே ஆடும் செயலிகளும் உள்ளன.

இவற்றுள் எதையும் வாங்க இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. தொலைக்காட்சியில் நடனக் காணொளியை ஓடவிட்டு அதைப் பார்த்துப் பார்த்து ஆடுவதும் இதே நோக்கத்தை நிறைவேற்றும். மதிப்பெண்தான் வராது, அதைக் கைதட்டல் ஈடுசெய்யும்.

தலையில் மாட்டிக்கொண்டு பார்க்கும் கண்ணாடிக் கருவிகளைப் பற்றியும் சிலர் கேட்கின்றனர். அவை வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. அவற்றின் எடை கழுத்தின்மேல் விழுகிறது. சுற்றியுள்ள தரையும் சுவரும் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. சமநிலையும் கழுத்தும் பலவீனமாக உள்ளவர்களுக்கு இரண்டுமே தீங்கு.

ஆய்வுகள் கூறுவது என்ன?

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் பலருக்குக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வதைவிடக் கண்ணால் கண்டு புரிந்துகொள்வது எளிது. “வலது காலைத் தூக்கி இடது பக்கம் வை” என்ற வாக்கியம் அவர்களைக் குழப்பும். ஆடிக் காட்டினால் உடனே பின்பற்றுவார்கள். திரை விளையாட்டு இந்த இயல்புக்கு ஏற்றதாக அமைந்துள்ளது. அசைவுக்கான பலன் அந்த நொடியிலேயே கண்முன் தெரிவதால் மீண்டும் செய்யத் தூண்டுகிறது.

தைவானில் டவுன் சிண்ட்ரோம் உள்ள 105 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான தொழில்வழிச் சிகிச்சையும் மற்றதற்கு வீ விளையாட்டும் அளித்து நடத்திய ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. சிகிச்சை பெறாத குழந்தைகளைவிட இரு பிரிவினருமே முன்னேறினர். அசைவுத் திறனில் விளையாடிய பிரிவின் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. 12 வயதுச் சிறுவன் ஒருவன் குடும்பத்தினர் துணையுடன் வீட்டிலேயே வாரம் 4 முறை, முறைக்கு 20 நிமிடம் என 8 வாரங்கள் விளையாடியதன் பதிவு 2012-இல் வெளிவந்தது. விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்தவன் அச்சிறுவனே. பெரியவர்களிடமும் 2 மாதப் பயிற்சி நல்ல பலன் தந்ததாகப் போர்ச்சுகல் ஆய்வு ஒன்று 2017-இல் தெரிவித்தது.

இவற்றை மிகைப்படுத்திக்கொள்ளக் கூடாது. இவை சிறிய ஆய்வுகள். சில மாதங்களே நடந்தவை. ஊனமுள்ள குழந்தைகள் உட்பட 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் சுறுசுறுப்பாக இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. திரை விளையாட்டு அந்த அறுபதில் ஒரு பகுதியை மட்டுமே நிரப்பும். நடையும் நீச்சலும் சைக்கிளும் வீட்டு வேலையும் தொடரத்தான் வேண்டும்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

எங்கள் பிரிவில் சிகிச்சை பெற்ற 19 வயது இளைஞர் ஒருவரின் குடும்பம், உறவினர் வீட்டில் கிடந்த பழைய விளையாட்டுக் கருவி ஒன்றை வாங்கி வந்து மாட்டியது. முதல் வாரம் வீடே மகிழ்ந்தது. பந்து உருட்டும் விளையாட்டில் அவர் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆடினார். மூன்றாம் வாரம் எங்களிடம் வந்தபோது அவருடைய எடையிலும் நடையிலும் எந்த மாற்றமும் இல்லை. ஒரு மணி நேரம் ஆடியும் பயன் இல்லையா என்று தந்தை மனம் வருந்தினார்.

“எப்படி ஆடுகிறாய் தம்பி, காட்டு” என்று கேட்டோம். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மணிக்கட்டை மட்டும் ஒரு சொடுக்குச் சொடுக்கிக் காட்டினார். கருவிக்கு அதுவே போதும், பந்து உருண்டுவிடும். முழங்கையைக்கூட அசைக்காமல் வெல்லும் வழியை அவர் தாமே கண்டுபிடித்திருந்தார். அவருடைய அறிவை மெச்சத்தான் வேண்டும். பயிற்சி மட்டும் நடக்கவில்லை.

மாற்றியது ஒன்றே ஒன்றுதான். அவரைத் தனியே ஆடவிடாமல், தந்தை அருகில் நின்று தம் முறைக்கு ஓரடி எடுத்துவைத்து, முழங்காலை மடக்கி, முழுக் கையையும் வீசி உருட்டினார். மகன் அதைப் பார்த்தார், அவரும் எழுந்தார். சில நாள்களில் பாட்டியும் நாற்காலியில் இருந்தபடியே ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார். ஐந்தாம் வாரம் பந்து உருட்டுவது சலித்துவிட, திரைப்பாடல்களுக்கு ஆடும் பழக்கத்துக்கு மாறினார்கள். நேரம் ஒரு மணியிலிருந்து 25 நிமிடமாகக் குறைந்தது. அந்த 25 நிமிடமும் அவர் நின்றபடி ஆடினார். நான்கு மாதங்களில் எடை அதிகம் குறையவில்லை. ஆனால் நகரப் பேருந்தின் முதற்படியில் தந்தையின் கையைப் பிடிக்காமல், கம்பியை மட்டும் பற்றி ஏறத் தொடங்கினார்.

இக்குடும்பத்திடம் நாங்கள் கற்றதையே எல்லோருக்கும் சொல்கிறோம். கருவி ஓர் அழைப்பு மட்டுமே. அதைப் பயிற்சியாக மாற்றுவது அருகில் நின்று உடன் ஆடும் மனிதர்.

தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

இதயம்: டவுன் சிண்ட்ரோமுடன் பிறப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு உண்டு. அறுவை சிகிச்சை முடிந்தவர்களும், எக்கோ பரிசோதனை செய்து நெடுநாள் ஆனவர்களும், எவ்வளவு கடினமான ஆட்டம் பொருந்தும் என்பதை இதய மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

கழுத்து: மண்டையோட்டுக்குக் கீழே உள்ள முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு, இவர்களில் 100 பேரில் 10 முதல் 20 பேருக்குத் தளர்வாக இருக்கிறது. முதுகுத் தண்டு அழுந்தித் தொல்லை தருவது 100 பேரில் ஓரிருவருக்கே என்றாலும், அழுந்தினால் விளைவு கடுமையானது. தொல்லை ஏதும் இல்லாதவர்களில் யாருக்கு அது வரும் என்பதை எக்ஸ்ரே படத்தால் மட்டும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆகவே அறிகுறிகளைப் பெற்றோர் அறிந்திருப்பதே முதன்மையான பாதுகாப்பு. கழுத்து வலி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருத்தல், நடையில் புதிதாகத் தடுமாற்றம், கைகளில் வலுக் குறைவு, அடக்க முடிந்துவந்த சிறுநீரோ மலமோ திடீரென அடக்க முடியாமல் போதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். குட்டிக்கரணம், தலைகீழாக நிற்றல், தலையை வேகமாக ஆட்டும் நடன அசைவுகள், துள்ளு மேடையில் குதித்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

தைராய்டும் தூக்கமும்: தைராய்டு சுரப்புக் குறைவு இவர்களிடம் மிகுதி. தூக்கத்தில் மூச்சு தடைபடும் நிலையும் அவ்வாறே. இரண்டுமே பகலில் களைப்பை உண்டாக்கும். எந்த விளையாட்டிலும் ஈடுபாடு இல்லாமல் எப்போதும் சோர்ந்திருப்பவருக்கு முதலில் தேவை இரத்தப் பரிசோதனையும், இரவில் குறட்டை விடுகிறாரா என்ற கவனிப்பும்தான்.

வலிப்பு, பார்வை, செவித்திறன்: வலிப்பு வந்தவர்களுக்கு மின்னி மின்னி மறையும் திரைக்காட்சிகள் ஏற்றவையா என்பதைக் கேட்டுத் தெளிய வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் அணிந்தே ஆட வேண்டும். காது கேட்கும் கருவி உள்ளவர்களுக்கும் அவ்வாறே.

வீட்டை ஆயத்தப்படுத்துதல்

ஒருவர் இரு கைகளையும் விரித்துச் சுற்றினால் எதிலும் இடிக்காத அளவு இடம் வேண்டும். உடன் ஆடுபவருக்கும் அதே அளவு இடம் வேண்டும். டீப்பாய், மேசை மின்விசிறி, தரையில் ஓடும் ஒயர்கள் ஆகியவற்றை அகற்றுங்கள். தொலைக்காட்சி ஸ்டாண்டின்மேல் வெறுமனே நிற்கிறதா, சுவரில் பொருத்தப்பட்டுள்ளதா என்று பாருங்கள். உற்சாகத்தில் ஒரு கை பட்டாலும் கவிழக்கூடிய தொலைக்காட்சிக்கு முன் ஆடக் கூடாது. கட்டிலின்மேல் நின்று ஆட விடாதீர்கள். மேலே மின்விசிறி சுழல்கிறது.

நம் வீடுகளின் டைல்ஸ் தரை வியர்வை பட்டால் வழுக்கும். காலுறை மட்டும் அணிந்து ஆடுவது மிகவும் ஆபத்து. வழுக்காத விரிப்பின்மேல் வெறுங்காலுடன் ஆடலாம். பாதத்துக்குத் தாங்கு அட்டை பரிந்துரைக்கப்பட்டவர்கள் அதனைக் காலணிக்குள் வைத்துத்தான் ஆட வேண்டும். வீட்டுக்குள் செருப்பணியும் வழக்கம் நம்மிடம் இல்லையாதலால், வெளியே போடாத தூய்மையான காலணி ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். கைக்கருவி இருந்தால் அதன் வாரை மணிக்கட்டில் மாட்ட மறவாதீர்கள்.

எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது?

பிள்ளைக்குப் பிடித்ததே முதல் தகுதி. பிடிக்காத நல்ல விளையாட்டைவிடப் பிடித்த சாதாரண விளையாட்டு மேல். இரண்டு மூன்றைக் காட்டி அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதன்பின் நோக்கத்துக்கேற்ப வழிநடத்தலாம்.

மூச்சும் இதயமும் வலுப்பெற நடனமும், நின்ற இடத்தில் ஓடும் ஆட்டங்களும் ஏற்றவை. ஓரடி முன்வைத்து வீசும் பந்து உருட்டலும் டென்னிசும் தோளுக்கும் இடுப்புக்கும் பயன்படும். உடலைப் பக்கவாட்டில் சாய்த்து ஆடும் சமநிலை விளையாட்டுகள் கணுக்காலை வலுப்படுத்தும். இவற்றைத் தொடங்கும்போது முன்னால் உறுதியான நாற்காலி ஒன்றைப் பிடித்துக்கொள்ள வையுங்கள். உட்கார்ந்து எழும் அசைவுகள் தொடைத் தசைக்கு மிக நல்லவை. படியேறும் வலிமை அங்கிருந்துதான் வருகிறது.

நிற்கும்போது முழங்கால் பின்னோக்கி வளைந்து பூட்டிக்கொள்கிறதா என்று பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். நார்கள் நெகிழ்ந்திருப்பதால் பலருக்கு இவ்வாறு ஆகும். “முட்டியைக் கொஞ்சம் மடக்கு” என்று தொட்டுக் காட்டுங்கள். முழங்கால் சில்லு விலகும் தொல்லை உள்ளவர்கள் வேகமாகத் திரும்பும் ஆட்டங்களைத் தவிர்க்க வேண்டும்.

கற்றுக்கொடுக்கும் முறை

சொல்வதைக் குறைத்துச் செய்து காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஓர் அசைவு மட்டும். காட்டிய பிறகு மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். கண்டதை உள்வாங்கிச் செய்ய அவர்களுக்குச் சற்று நேரம் தேவை. அந்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் “செய், செய்” என்று சொன்னால் முதலில் இருந்து தொடங்க வேண்டியதாகிவிடும்.

விளையாட்டின் மிக எளிய நிலையில் தொடங்குங்கள். தோற்றால் கேலி ஒலி எழுப்பும் ஆட்டங்களைத் தவிருங்கள். முடிந்தால் மதிப்பெண்ணை மறைத்துவிடுங்கள். “சூப்பர்” என்று பொதுவாகச் சொல்வதைவிட, “இன்று காலை நன்றாகத் தூக்கினாய்” என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். பரிசாகப் பிஸ்கட்டும் சிப்ஸும் தர வேண்டாம். நாட்காட்டியில் அவரே ஒட்டும் ஒரு வண்ணப் பொட்டு போதும்.

நாள்தோறும் ஒரே நேரத்தில் ஆடுவது இவர்களுக்கு மிகவும் உகந்தது. பல் துலக்குவது, சாப்பிடுவது ஆகிய படங்களோடு ஆட்டத்தின் படத்தையும் வரைந்து சுவரில் ஒட்டினால், யாரும் சொல்லாமலே அவரே வந்து நிற்பார். முடிக்கும் நேரத்திலும் கவனம் வேண்டும். திடீரென அணைத்தால் அழுகையும் கோபமும் வரும். “இன்னும் இரண்டு பாட்டு, அப்புறம் தண்ணீர்” என்று முன்னதாகவே சொல்லி, அப்படியே நடந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம்? எவ்வளவு கடினம்?

முதல் இரு வாரங்கள் வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 10 நிமிடம் போதும். பிறகு வாரத்துக்கு 5 நிமிடமாகக் கூட்டி 20 முதல் 30 நிமிடம் வரை செல்லலாம். நாள்களையும் நான்கு, ஐந்து என உயர்த்தலாம். முதல் சில நிமிடங்கள் மெதுவான நடையும் கையசைவும், கடைசிச் சில நிமிடங்கள் மெல்ல அடங்கும் அசைவும் இருக்கட்டும். உணவுண்ட உடனே வேண்டாம். கோடைக்காலத்தில் நண்பகலைத் தவிர்த்துக் காலையிலோ மாலையிலோ ஆடுங்கள். இடையிடையே தண்ணீர் கொடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவதே உச்ச நாடித்துடிப்பு என்ற பொதுக் கணக்கைப் பல கைக்கடிகாரங்கள் பின்பற்றுகின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அக்கணக்கு பொருந்தாது. அவர்களின் உச்சத் துடிப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 25 முதல் 30 வரை குறைவு. கடிகாரம் “இன்னும் வேகமாக” என்று சொல்லும்போதே அவர் தம் எல்லையைத் தொட்டிருக்கலாம். ஆகவே கடிகாரத்தை விட்டு அவர் முகத்தைப் பாருங்கள். ஆடிக்கொண்டே பாட்டின் ஓரிரு சொற்களைக் கூடவே சொல்ல முடிந்தால் அளவு சரி. ஒலியே எழுப்ப முடியாமல் மூச்சு வாங்கினால் அளவு கூடிவிட்டது.

உதடு நீலம் பாய்தல், நெஞ்சைப் பிடித்துக்கொள்ளுதல், மயக்கம், ஓய்வெடுத்த பிறகும் அடங்காத மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் ஆட்டத்தை உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெறுங்கள். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் பலர் உண்டு. பிடித்த ஆட்டத்தை ஒருவர் காரணமின்றி மறுத்தால், அதனைப் பிடிவாதம் என்று முடிவு செய்யும் முன் கால், முழங்கால், கழுத்து ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள்.

சலிப்பு வரும்

மூன்று, நான்கு வாரங்களில் பெரும்பாலும் சலிப்பு வரும். அது தோல்வியன்று. ஆட்டத்தை மாற்றுங்கள், பாட்டை மாற்றுங்கள், உடன் ஆடும் ஆளை மாற்றுங்கள். அக்காவோ அண்ணனோ, ஞாயிற்றுக்கிழமை வரும் மாமாவோ, எதிர்வீட்டுப் பிள்ளையோ சேர்ந்தால் பழைய ஆட்டமும் புதிதாகிவிடும். மகன் அல்லது மகளோடு ஆடும் 20 நிமிடம் பெற்றோருக்கும் பயிற்சியே. அவர்களைத் தூக்கியும் தாங்கியும் தேய்ந்த முதுகுக்கும் முழங்காலுக்கும் அது தேவைதான்.

எல்லா நாளும் உடன் ஆட எல்லாப் பெற்றோராலும் இயலாது என்பதை நாங்கள் அறிவோம். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் தாய்க்கு, ஆடுவதற்கு உடலில் தெம்பு எங்கே இருக்கும்? வாரத்தில் மூன்று நாள் முடிந்தால் அந்த மூன்று நாள் போதும். முடியாத நாள்களில் ஆட்டம் இல்லாமல் இருப்பது, பிள்ளையைத் திரைக்கு முன் தனியே விட்டுச் செல்வதைவிட நல்லது.

தொடங்கும் நாளன்று மூன்றைக் குறித்து வையுங்கள். நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் 30 நொடிகளில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறார்? ஒற்றைக் காலில் எத்தனை நொடி நிற்கிறார்? இளைப்பாறாமல் எத்தனை படி ஏறுகிறார்? மாதம் ஒருமுறை இதே மூன்றையும் மீண்டும் பார்த்து எழுதுங்கள். எடை காட்டும் எண்ணைவிட இம்மூன்றும் உண்மையைச் சொல்லும்.

அடுத்த முறை வரும்போது அந்தக் குறிப்பையும், முடிந்தால் பிள்ளை ஆடும் காட்சியைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்தும் எங்கள் பிரிவுக்குக் கொண்டு வாருங்கள். அவர் எப்படி நிற்கிறார், எந்த மூட்டைக் காப்பாற்றி ஆடுகிறார் என்பதைப் பார்த்து, அவருக்கேற்ற மாற்றங்களைச் சேர்ந்தே முடிவு செய்வோம்.